ஒழுங்கைக் குழு: இரத்ததான முகாம்

தம்பி: பத்திரிகைகளுக்கு அனுப்புற குறிப்பு எழுதிட்டன், பாருங்கோ. "எமது சங்கத்தின் பெருமைமிகு ஏற்பாட்டில் மாபெரும் இரத்ததான முகாம் நாளை மறுதினம் வெகு சிறப்பாக நடைபெறவுள்ளது."

அக்கா: எங்க, எத்தினை மணிக்கு, ஆர் வரலாம்? ஒண்டும் இல்லையே.

மாமா: பெருமைமிகு, மாபெரும், வெகு சிறப்பாக, மூண்டையும் வெட்டு. செய்தி ஆசிரியருக்கு வெட்டுற வேலை கூடினா குறிப்பு குப்பைக்குள்ள. "நாளை மறுதினம்" ஆகாது. அவை எண்டைக்குப் போடுவினமோ தெரியாது. திகதி, கிழமை ரெண்டும் வேணும்.

தம்பி: "இரத்ததான முகாம் 15ஆம் திகதி ஞாயிறு காலை 9 முதல் பகல் 1 மணி வரை வெள்ளவத்தையில் நடைபெறும். 18 முதல் 60 வயது வரையானோர் இரத்தம் வழங்கலாம்."

மாமா: இப்பதான் செய்தி. ஆனா மாதம் எங்க? வெள்ளவத்தை எண்டா காலி வீதி முழுக்கத் தேடுறதோ? மண்டபம், ஒழுங்கை ரெண்டையும் போடு. அடுத்த பந்தியில அடையாள அட்டை, கடைசியா இரத்தம் குடுத்து 4 மாதம் ஆகியிருக்க வேணும் எண்டது. சங்கத் தலைவரின்ர கூற்று அதுக்கும் கீழ. இடம் காணாட்டி அடியிலயிருந்துதான் வெட்டுவினம்.

அக்கா: கூற்றில "பெருமகிழ்ச்சி அடைகிறோம்" எண்டு கிடக்கு. ஆருக்கு வேணும் அது? "முதல் தடவை வருவோருக்குத் தனி வரிசை உண்டு" எண்டா வாசிக்கிறவனுக்குப் பயன். தலைவருக்குக் காட்டி, அவர் ஓம் எண்ட பிறகு அனுப்பு.

மாமா: 1906இல அமெரிக்காவில அட்லாண்டிக் சிட்டியில ரயில் பாலத்தால விழுந்த நேரம், ரயில் கம்பனியின்ர மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ எழுதின அறிக்கையை நியூயோர்க் டைம்ஸ் அப்பிடியே போட்டது. அதில இருந்தது விபரம்தான்.

தம்பி: பாமினி எழுத்துருவில அடிச்சு பிடிஎஃப் ஆக்கட்டோ?

அக்கா: ஐயோ வேண்டாம். பாமினியில அடிச்சதைக் கொப்பி பண்ணி ஒட்டினா, பாமினி இல்லாத கம்பியூட்டரில இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரியும். எல்லாக் கம்பியூட்டரிலயும் தெரியிற யுனிகோட்டில அடிச்சாலும், பிடிஎஃப்பிலயிருந்து கொப்பி பண்ணினா சிலநேரம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். யுனிகோட்டில அடிச்சு மெயிலுக்குள்ளயே ஒட்டு.

தம்பி: போன வருசப் படம்?

அக்கா: வாட்ஸ்அப்பில வந்த படம் சுருங்கினது. எடுத்தவரிட்ட மூலப்படத்தை டொகியுமென்ட்டா வாங்கு. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில, 5 அங்குல அகலத்துக்கு 1500 வேணும். நிக்கிறவையின்ர பேரை இடமிருந்து வலமா எழுது.

தம்பி: தொடர்புக்கு சித்தப்பான்ர நம்பர்?

மாமா: அவர் தெரியாத நம்பர் எடுக்கிறேல்லை. உன்ரயைப் போடு. இரவு 9 மணிக்கு நிருபர் எடுத்தாலும் தூக்கு.