வாசப்படியைத் தெருவுல இறக்கிக் கட்டலாமா?

உப்புக்காத்து:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஷார்ஜாவுல இருந்து எழுதுறேன். ஊரு தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவுல. வாப்பா கட்டுன ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாடி வீடு கட்டப் போறோம். மனை 24 அடி முகப்பு, 60 அடி நீளம். தெரு 14 அடி.

பழைய வீட்டுத் திண்ணை தெருவை ஒட்டியே இருக்கு. அதுக்குக் கீழ முருகைக்கல்லுல மூணு படி, தெருவுலதான். நான் பள்ளிக்கூடம் போறப்ப மூணு. ஒரு தடவை சிமெண்ட் ரோடு போட்டாங்க, ரெண்டாச்சு. அதுமேலயே இன்னொண்ணு போட்டாங்க, இப்ப ஒண்ணுதான் வெளிய தெரியுது. போன ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணி திண்ணைக்கு ஏறிடுச்சு. உம்மா நிலைப்படியில சாக்கை அடைச்சுட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தாக. அதனால பேஸ்மட்டத்தை 4 அடி தூக்கச் சொல்லிட்டேன்.

கொத்தனார், "தெருவுல எல்லாரும் படி இறக்கியிருக்காக, நீங்களும் இறக்குங்க"ங்கிறார். இன்ஜினியர், முன்னால 5 அடி விடணும், படியும் அதுக்குள்ளதான்கிறார். திண்ணையும் கிடையாதாம். உம்மாவுக்கு அதுதான் வருத்தம். அஸர் தொழுகைக்கு அப்புறம் அக்கம்பக்கத்து ஆளுக எல்லாம் அங்கதான் கூடும். மூட்டு வலி வேற. யார் சொல்றதைக் கேக்க?

நெத்திலி:
எங்க தெருவுல ஒம்பது வீட்டுப் படி ரோட்டுலதான் நிக்குது. இதுவரை யாரும் வந்து கேக்கல. சும்மா கட்டுங்க காக்கா.

பழைய டிராயிங்போர்டு:
கேக்காத வரைக்கும் சரிதான். பக்கத்து வீட்டுக்காரர் மனு குடுக்குற அன்னைக்குக் கேப்பாங்க. பாதாளச் சாக்கடைக்கோ குடிதண்ணிக் குழாய்க்கோ ஜேசிபி வந்தா மொதல்ல போறது தெருப்படிதான்.

தம்பி, முப்பது வருசம் பிளான் வரைஞ்சவன் சொல்றேன், இன்ஜினியர் பேச்சைக் கேளுங்க. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள்தான் இப்ப கணக்கு. அந்த 5 அடியைத் தெரு ஓரத்துல இருந்து அளக்கக் கூடாது, உங்க பட்டா எல்லையில இருந்து அளக்கணும். நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனையா இருந்தா பழைய திண்ணையே பாதி வெளிய நிக்கலாம். சர்வேயரை வச்சுக் கல்லு ஊனிட்டு அப்புறம் பேசுங்க.

உங்க மனை 2500 சதுரடிக்குள்ள. கட்டடம் 3500 சதுரடிக்குள்ள இருந்தா 2024 ஜூலையில வந்த சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம். ஆனா விதிப்படி கட்டுவேன்னு எழுதிக் குடுக்குறது நீங்க. படி வெளிய நீட்டுனா பதில் சொல்ல வேண்டியதும் நீங்கதான்.

இப்ப படி. 4 அடின்னா 48 இஞ்சு. உம்மாவுக்கு மூட்டு வலின்னா ஒரு ஏத்தம், அதாவது ஒரு படியோட உயரம், 6 இஞ்சுக்கு மேல வேண்டாம் (தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுக்கு 190 மில்லிமீட்டர் வரை விடுது, அது அவுகளுக்கு ஆகாது). எட்டு ஏத்தம், ஏழு மிதி (கால் வைக்கிற இடம்). மிதி 10 இஞ்சு வச்சா 70 இஞ்சு, கிட்டத்தட்ட 6 அடி. உங்ககிட்ட இருக்கிறதோ 5. நேரா இறக்குனா கடைசிப் படி தெருவுலதான் விழும். அதனால சுவரை ஒட்டிப் பக்கவாட்டுல இறக்குங்க. மூணரை அடி அகலம், மேல வாசல்கிட்ட 4 அடிக்கு ஒரு மேடை. முகப்புல 10 அடிதான் பிடிக்கும். கூரை, தூண் எதுவும் வைக்காதீங்க, பிளான்லயே படியை வரைஞ்சு காட்டிடுங்க. சாய்தளம் யோசிக்க வேண்டாம், பன்னெண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம்னா 48 அடி ஓடும், வீட்டுக்கு இடம் இருக்காது!

திண்ணையை ஏன் விடணும்? முன்சுவரை 4 அடி உள்ள தள்ளிட்டா மாடிக்குக் கீழயே திண்ணை வந்துரும். ஹால் கொஞ்சம் சுருங்கும். டிவிக்கு அவ்வளவு பெரிய ஹால் எதுக்கு?

இன்னொண்ணு. பழைய மேல்தளத்தைச் சுரண்டிட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கு. அடுத்த தடவை போட வர்றப்ப தெருவே சேர்ந்து அதைக் காட்டுங்க. இல்லேன்னா இந்த 4 அடியும் உங்க மகன் காலத்துல 2 அடியாயிரும்.

மண்டபம் மருமக:
கடல் எவ்வளவு தூரம்னு யாருமே கேக்கலையே! பாக் நீரிணைப் பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும், அதனால ஒட்டி ஒட்டிக் கட்டிட்டோம். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி கிராமப் பகுதியில ஓதக் கோட்டுல (கடல் ஏத்தத்துல தண்ணி வந்து நிக்கிற எல்லை) இருந்து 200 மீட்டருக்குப் புதுசாக் கட்ட விடமாட்டாங்க. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல இருக்கிற ஊருக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராக் குறைக்குது. உங்க ஊருக்கு எந்த அறிவிக்கையோட மேப் பொருந்தும்னு மாவட்டத்துல கேட்டுட்டுக் கடப்பாரையை எடுங்க. அந்தத் தூரத்துக்குள்ள வீடு இருந்தா, அனுமதியோட ஏற்கெனவே இருக்கிற வீட்டை அதே தரைப்பரப்புலதான் திருப்பிக் கட்டலாம். இடிக்கிறதுக்கு முன்னாடி பழைய வீட்டை அளந்து, போட்டோ எடுத்து, வீட்டு வரி ரசீதோட வச்சுக்குங்க.

உப்புக்காத்து:
கூகுள் மேப்புல 310 மீட்டர் வருது லாத்தா.

மண்டபம் மருமக:
மேப்புல தெரியிற தண்ணி ஓரமும் ஓதக் கோடும் ஒண்ணு இல்ல. பக்கத்துல கழி (கடல் தண்ணி உள்ள வர்ற ஓடை) ஏதும் இருக்கா? 2011 அறிவிக்கைப்படி ஓதம் ஏறுற கழிக்கும் 100 மீட்டர், இல்ல கழி அகலம், எது கம்மியோ அது உண்டு; 2019 அறிவிக்கையில அந்த 100 மீட்டர் 50 ஆச்சு.

உப்புக்காத்து:
இருக்கு. பள்ளிவாசலுக்குப் பின்னாடி, எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. தம்பியை சர்வேயர்கிட்ட அனுப்பிட்டேன், இடிக்கிற வேலையை நிப்பாட்டியாச்சு. பக்கவாட்டுப் படி விசயத்தை உம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ரெண்டு பக்கமும் கைப்பிடி வைப்பானா?"ன்னு மட்டும் கேட்டாக.