25 டிகிரியில் முட்டை குறைகிறதா? மரபணுவைச் சந்தேகிக்கும் முன் வளர்ப்புத் தட்டைப் பாருங்கள்

ஆய்வகங்களில் வளர்க்கும் நுண்ணிய உருளைப்புழு சி. எலிகன்ஸ். அதன் இயல்பு வகையான என்2-வில் ஒரு புழுவுக்கு 20 டிகிரியில் சுமார் 300 இளம்புழுக்கள் வர வேண்டும். அந்த எண்ணைத் தீர்மானிப்பது விந்தணு. விந்தணு, கருமுட்டை இரண்டையும் தானே உண்டாக்கும் இருபாலுயிரிப் புழு ஏறக்குறைய அத்தனை விந்தணுதான் செய்து வைத்துக்கொள்கிறது; கருமுட்டைக்குப் பஞ்சமே இல்லை. 25 டிகிரியில் தலைமுறை வேகமாக முடியும், எண்ணிக்கை இறங்கும். 27-ல் வளர்த்தால் பெரும்பாலும் மலடு. 20-ல் வளர்ந்த ஆண்புழுவோடு சேர்த்தால் ஓரளவு முட்டை பொரிக்கிறது. ஆக, முதல் அடி விந்தணுவுக்கு.

இன்குபேட்டர் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். வெப்பமானியைத் தட்டு அடுக்கின் நடுவில் வையுங்கள். 25-ல் மலடாகும் ஜிஎல்பி-4 போன்ற மரபணு மாறிய வகைகளில் ஓரிரு டிகிரி பிசகினாலே சோதனை போச்சு.

—

வெப்பத்தைச் சொன்னீர்கள், புழுவை வளர்க்கும் அகார் ஊடகமான என்ஜிஎம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 975 மி.லி. நீரில் உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5, அகார் 17. ஆட்டோக்ளேவில் (அழுத்த நீராவியில்) கிருமி நீக்கி 55 டிகிரிக்கு ஆறியபின் எத்தனாலில் கரைத்த கொலஸ்ட்ரால் (5 மி.கி./மி.லி.) 1 மி.லி., 1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மி.லி., மெக்னீசியம் சல்பேட் 1 மி.லி., கடைசியில் பிஎச் 6 பாஸ்பேட் 25 மி.லி. ஒவ்வொன்றையும் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது. நன்றாகக் கலக்காமல் கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் வெள்ளையாகப் படியும்.

கொலஸ்ட்ராலை மறந்தால் உடனே தெரியாது, அதுதான் வம்பு. கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெராலைப் புழுவால் தானே செய்ய முடியாது. தாயின் சேமிப்பில் ஒரு தலைமுறை ஓடிவிடும், அடி விழுவது அடுத்ததில்.

—

எண்ணுவதில்தான் பாதிக் குழப்பம். எல்4 (கடைசி இளம்பருவ) புழுவைத் தனித்தனியாக 35 மி.மீ. தட்டில் விடுங்கள், 24 மணிக்கொருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். பழுப்பாக, உருண்டையாக, ஓடில்லாமல் கிடப்பது கருவுறாத முட்டை. அதைக் கருவுற்றும் பொரிக்காத முட்டையோடு சேர்த்து எண்ணாதீர்கள். புழுவுக்கு உணவான ஓபி50 பாக்டீரியாவை நடுவில் மட்டும் சொட்டுங்கள். ஓரம் வரை பரவினால் புழு சுவரேறிக் காய்ந்து சாகும். அப்படிப் போனதைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், பூச்சியம் என்று எழுத வேண்டாம். உணவு தீர்ந்த தட்டில் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, இளம்புழுக்கள் தாயையே தின்றுவிடும். அந்தத் தட்டும் கணக்கில் வராது.