கிங் பின் மாத்துனா ஸ்டியரிங் டைட்டாத்தான் இருக்குமாம்!

மஞ்சக்குப்பம் பத்மினி: நேத்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, 84 மாடல் பத்மினி காருக்கு முன்பக்கம் கிங் பின் (முன்வீல் இதைச் சுத்தித்தான் திரும்பும்), புஷ் (அந்தப் பின்னு உக்கார்ற குழாய்), டை ராட் எண்டு (ஸ்டியரிங் கம்பியை வீலோட சேக்கற மூட்டு) எல்லாம் புதுசு போட்டதுலேர்ந்து இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவுல ஒடிச்சா ஸ்டியரிங் தானா திரும்பி வரமாட்டேங்குது, கையால இழுத்து நேராக்க வேண்டியிருக்குன்னு. அதுக்கு நம்ம முதலியார்பேட்டை மகாராஜா சொன்ன பதில்: "புதுசுன்னா டைட்டாத்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்." செட் ஆகறதுக்கு அது என்ன புதுச் செருப்பா? புஷ்ஷை அடிச்சு ஏத்துனா உள்விட்டம் சுருங்கும், அப்புறம் ரீமர் (ஓட்டையைச் சீவி அளவாக்குற கருவி) விட்டு பின்னு அளவுக்கு எடுக்கணும், பின்னு கையால தள்ளுனா இறங்கணும். சுத்தியால இறக்குன பின்னு எந்தக் காலத்துல செட் ஆகும்?

முதலியார்பேட்டைக்காரன்: சுத்தியால அடின்னு நான் எங்கய்யா சொன்னேன்? ஓட ஓட செட் ஆகும்னுதான் சொன்னேன். எங்கப்பா காலத்துலேர்ந்து பத்மினி ஓட்டுறோம், எல்லாம் ஓடித்தான் செட் ஆச்சு.

மஞ்சக்குப்பம் பத்மினி: எல்லாம் செட் ஆகல, உங்க கை செட் ஆயிடுச்சு. ரீமர் போட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க.

வில்லியனூர் டயர்: டோ-இன், அதாவது முன்வீல் ரெண்டும் முன்னாடி லேசா உள்ள பாத்து நிக்கற அளவு, பாத்தீங்களா? டை ராட் எண்டு மாத்துனா அலைன்மென்ட் கண்டிப்பா போயிருக்கும்.

மஞ்சக்குப்பம் பத்மினி: டோ போனா டயர் தேயும், வண்டி நேர்ரோட்டுல அலையும். வீல் தானா திரும்பி வர்றது கேஸ்டரால, அதாவது கிங் பின் மேல்பக்கம் பின்னாடி சாஞ்சிருக்கறதால. அந்தச் சாய்வு சரியாவே இருந்தாலும் பின்னு புஷ்ஷுக்குள்ள பிடிச்சுக்கிட்டா வீல் எப்படி வரும்? ரீமர். ரீமர். ரீமர்.

லேத் பட்டறை: ரெண்டு பேரும் கத்துறதுக்கு முன்னாடி முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டை ராட் எண்டைக் கழட்டி, வீலை கையால ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. இறுக்கமா இருந்தா கிங் பின். லூசா ஆடுனா ஸ்டியரிங் பாக்ஸ் இல்லன்னா ஐட்லர் (ஸ்டியரிங் கம்பியை எதிர்ப்பக்கம் தாங்குற கை). இன்னொன்னு, புஷ்ல இருக்கற ஓட்டை கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கற முனை) ஓட்டைக்கு நேரா வந்திருக்கான்னும் பாக்கணும், மாறியிருந்தா எவ்வளவு கிரீஸ் அடிச்சாலும் பின்னுக்குப் போகாது.

மஞ்சக்குப்பம் பத்மினி: அதெல்லாம் அப்புறம். முதல்ல ரீமர்.

அம்பாசடர் அடிமை: இதுக்குத்தான் அம்பாசடர் வாங்கணும்கறது. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்னாடி ஸ்பிரிங்குக்கு டார்ஷன் பார்ங்கற முறுக்குக் கம்பி. ஒரு விரல்ல திரும்பும்.

மஞ்சக்குப்பம் பத்மினி: அம்பாசடரை இங்க யாரு கூப்பிட்டா? ஒரு விரல்ல திரும்புமாம், உங்க வண்டிய ரிவர்ஸ் எடுக்க தெருவே வந்து கை கொடுத்ததை நான் பாத்திருக்கேன்.

முதலியார்பேட்டைக்காரன்: சார் எல்லாரையும் இப்படித்தான் பேசுவாரு. போன வருஷம் எனக்கு வித்தாரே ஒரு கார்புரேட்டர், "லைட்டா துரு, ஓட ஓட போயிடும்"னு சொல்லித்தான் கொடுத்தாரு. அப்ப மட்டும் ஓட ஓட சரியாகும்?

மஞ்சக்குப்பம் பத்மினி: அது கார்புரேட்டர்யா, இது கிங் பின்! விலை பேசி பாதி காசுக்கு வாங்கிட்டுப் போனவரு இப்ப வந்து கணக்கு கேக்கறாரு. பாண்டிக்காரங்களுக்கு எல்லாம் சீப்பாவே வேணும்.

முதலியார்பேட்டைக்காரன்: பெட்ரோல் போட மட்டும் கடலூர்லேர்ந்து கன்னியக்கோயில் பார்டர் தாண்டி பாண்டிக்கு வர்றது யாருங்க? கேனோட வேற.

வில்லியனூர் டயர்: காத்து எவ்வளவு வச்சிருக்காருன்னு யாராவது கேட்டீங்களா? ரேடியல் டயர்ல காத்து கம்மியா இருந்தாலே ஸ்டியரிங் கனக்கும்.

அம்பாசடர் அடிமை: தெரு கை கொடுத்தது என் வண்டிக்கு இல்ல, பக்கத்து வீட்டு டெம்போவுக்கு. தெரியாம பேசாதீங்க.

84 பத்மினி: அண்ணே, மெக்கானிக்கிட்ட கேட்டேன். கிங் பின் கிட்டு ரெடி சைஸ்ல வருது, ரீமர் தேவையில்லன்னு சொல்றாரு. ஜாக்கி போட்டு பாக்கறதை ஞாயித்துக்கிழமை பாக்கறேன்.

மஞ்சக்குப்பம் பத்மினி: பாத்தீங்களா! ரீமர் போடல! நான் முதல் வரியிலயே சொன்னேன்! கிட்டு எந்த சைஸ்ல வந்தா என்ன, ஏத்துனதும் சுருங்குமா சுருங்காதா?

முதலியார்பேட்டைக்காரன்: தம்பி, ஒரு தடவ திண்டிவனம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, செட் ஆயிடும்.

மஞ்சக்குப்பம் பத்மினி: கேன் கணக்கை முதல்ல பேசி முடிப்போம். எந்த கேன்? எப்ப பாத்தீங்க?