ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெர்ரி ஏறியே ஆக வேண்டுமா?

வழிப்போக்கன்:
அடுத்த மாசம் அம்மாவோடு ஹாங்காங் போகிறேன், இருப்பது ஒன்றரை நாள்தான். அறை துறைமுகத்தின் ஒரு கரையில், சிம் ஷா சூய் பக்கம். அங்கிருந்து எதிரே ஹாங்காங் தீவில் இருக்கிற சென்ட்ரல் போக மெட்ரோவில் ரெண்டே ஸ்டேஷன், ஆனால் யாரைக் கேட்டாலும் ஃபெர்ரியில் போ என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் முடிகிற படகுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? அம்மாவுக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும், அதுவும் ஒரு கவலை.

கரையோரம்:
கண்டிப்பாகப் போங்கள். மெட்ரோவை விட மலிவு, ஆக்டோபஸ் கார்டை (காசு ஏற்றி வைத்துக்கொள்கிற பயண அட்டை) தட்டிவிட்டு ஏறலாம். மேல்தளத்துக்குக் கொஞ்சம் காசு கூட, ஆனால் அம்மாவை அங்கேயே உட்கார வையுங்கள், கீழே எஞ்சின் சத்தமும் டீசல் வாடையும் இருக்கும். (எனக்கு அதுதான் பிடிக்கும், அது வேற விஷயம்.) படகு மூக்கைத் திருப்பவே திருப்பாது, ரெண்டு முனையும் ஒரே மாதிரி. அதனால் இருக்கையின் முதுகைத் தள்ளிவிட்டுப் போகிற திசையைப் பார்த்து உட்காரலாம், அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

பழைய டிக்கெட்:
பேச்சு ஏன் என்றால், 1972-ல் கடலடிச் சுரங்கச் சாலை திறக்கும் வரை பெரும்பாலான ஜனங்கள் துறைமுகத்தைக் கடந்தது படகில்தான். 1888-ல் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் டோராப்ஜி நௌரோஜி என்ற பார்சிக்காரர், நம்ம நாட்டிலிருந்து போனவர். 1966-ல் முதல் வகுப்புக் கட்டணத்தை வெறும் ஐந்து சென்ட் ஏற்றப்போய் ஊரே கலவரமாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:
எல்லாரும் ஏற்றிவிடுகிறார்கள், நான் கொஞ்சம் இறக்குகிறேன். கடலை நிரப்பி நிரப்பிக் கரையை முன்னே தள்ளியதில் துறைமுகமே ஒடுங்கிவிட்டது, சென்ட்ரல் படகுத்துறையும் 2006-ல் இடம் மாறியது, இப்போது ஸ்டேஷனிலிருந்து அங்கே போக நல்ல நடை. முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். அப்புறம், எட்டாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் படகு ஓடாது.

வழிப்போக்கன்:
முழங்கால் பரவாயில்லை, தலைசுற்றல்தான். அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டினேன், எந்தப் பக்கம் உட்காரணும் என்று இப்போதே கேட்கிறார்.

கரையோரம்:
சிம் ஷா சூயிலிருந்து சாயங்காலம் ஏறினால் வலது பக்கம், சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும். திரும்பும்போது இருட்டியிருக்கட்டும், பின்பக்கம் உட்கார்ந்தால் தீவின் விளக்கெல்லாம் தெரியும்.