புதுப்பிப்பு: வன்னியிலிருந்து நூதனசாலைப் பயணம்

வன்னிப் பிள்ளைகளுக்கு இயற்கை வரலாறு காட்ட எங்கே கூட்டிப்போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கொழும்பையும் இரத்தினபுரியையும் சொன்னீர்கள். அக்காவின் பிள்ளைகளோடு இரண்டுக்கும் போய்வந்துவிட்டேன்.

வவுனியா நூதனசாலை தொல்பொருளுக்கானது. சிலை பார்க்க நல்லது, விலங்குகளைத் தேடி அங்கே போகவேண்டாம். கொழும்பில் 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலையில், பாடம்செய்த கரடியை விட்டு மூத்தவன் நகரவேயில்லை. வளைந்த நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சித்தி, பாலைப்பழக் காலத்தில் எங்கள் பக்கம் வருவது இதைவிடப் பெரிது" என்றான். ஒட்டுசுட்டான் பிள்ளைக்குக் கரடி புதிதா என்ன!

எனக்குப் பிடித்தது இரத்தினபுரிதான். மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைத்த பகுதி அது. இரண்டுமே இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. அருகே குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்துத்தான் விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல 1939இல், அழிந்துபோன இலங்கைச் சிங்கத்துக்கு அறிவியல் பெயர் சூட்டினார். இரண்டே இரண்டு பல்! அப்படியானால் தன் விழுந்த பல்லைக் கூரையில் எறிந்திருக்கக்கூடாது என்று சின்னவள் வழி முழுக்கப் புலம்பினாள்.

இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடக்க நினைக்காதீர்கள். வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கே தங்கி மறுநாள் காலை இரத்தினபுரி என்று போவதுதான் பிள்ளைகளுக்கு வசதி.