புதுப்பிப்பு: அத்தானின் நாடுகடத்தல் வழக்கு
18 மாதச் சிறைத்தண்டனை பெற்ற அத்தானை (அக்காவின் கணவர்) பிரிட்டன் நாடுகடத்தப் பார்க்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மேல்முறையீட்டில் வென்றுவிட்டோம்.

‘குடும்ப வாழ்வுக்கு உரிமை இருக்கிறதே’ என்று அப்போது வீறாப்பாக எழுதியது என் அரைகுறை அறிவு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கு 12 மாதத் தண்டனை விழுந்தாலே நாடுகடத்தல்தான். அந்த உரிமையைத் தரும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆவது உறுப்புரை தானாகக் காப்பாற்றாது. தகப்பன் போய்விட்டால் பிரிட்டிஷ் குடியுரிமையுள்ள பிள்ளை படப்போவது அளவுமீறிய கொடுமை என்று நிறுவ வேண்டும். நான்கு ஆண்டுத் தண்டனையென்றால் அதுவும் போதாது.

எங்களுக்குக் கைகொடுத்தது பள்ளிக்கூடக் கடிதம். ஆட்டிசம் உள்ள அக்கா மகன், அத்தான் பிசைந்து ஊட்டினால்தான் வாய் திறப்பான். தீர்ப்பை எதிர்த்து மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்க உள்துறைக்கு 14 நாள் இருக்கிறது. அதனால் அக்கா கட்டிவைத்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.