35 நேர் சேனல் தகட்டில் நடுச் சேனல்கள் மட்டும் தண்ணீர் கட்டுகின்றன, என்ன செய்யலாம்?

கடலோரம்_டர்பன்:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். கையில் இருப்பது பிஇஎம் வகை ஃப்யூல் செல் (மெல்லிய மெம்பிரேனின் இரு பக்கமும் ஹைட்ரஜனையும் காற்றையும் விட்டு மின்சாரம் எடுப்பது), ஒரே ஒரு செல்தான், செயல்பரப்பு 7 செ.மீ.க்கு 7 செ.மீ. கிராஃபைட் தகட்டில் 35 நேர் சேனல்கள், ஒவ்வொன்றும் 1 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், இடையில் 1 மி.மீ. ரிப் (தடுப்புச் சுவர்). காற்று ஒரு மூலையில் நுழைந்து எதிர் மூலையில் வெளியேறும் இசட் அமைப்பு. காற்றைச் சேனல்களுக்குப் பிரித்துவிடும் ஹெட்டர், திரும்பச் சேர்க்கும் ஹெட்டர், இரண்டும் 2 மி.மீ. அகலம், ஆழம் சேனலுக்கு இருப்பதுபோலவே 1 மி.மீ.

60 டிகிரி, 30 ஆம்பியர், தேவையைப்போல் 2 மடங்கு காற்று என்று வைத்து ஓட்டுகிறேன். ஈரமூட்டி எதுவும் கிடையாது, அறைக் காற்று அப்படியே உள்ளே போகிறது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் வோல்டேஜ் மெதுவாக இறங்கும், திடீரென்று ஏறும், மறுபடி இறங்கும். பார்ப்பதற்கென்று இதே சேனல்களைத் தனியே 1 மி.மீ. தகட்டில் ஊடுருவ வெட்டி, மேலே பாலிகார்பனேட் மூடி வைத்துப் பார்த்தால் ஓரச் சேனல்கள் சுத்தமாக இருக்கின்றன, நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டில் மட்டும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அசையாமல் நிற்கின்றன.

குழப்பம் என்னவென்றால், சேனல் பகுதியை மட்டும் எடுத்துச் செய்த சிஎஃப்டியில் (கணினியில் போடும் காற்றோட்டக் கணக்கில்) எல்லாச் சேனலுக்கும் சமமாகத்தான் காற்று போகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பன் இதே வரைபடத்தில் வெட்டிய தகட்டை ஓட்டுகிறான், அவனுக்கு இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. வழிகாட்டி சர்ப்பன்டைனுக்கு (பாம்பு மாதிரி மடங்கி மடங்கிப் போகும் சேனலுக்கு) மாறு என்கிறார். நேர் சேனலில் அழுத்த வீழ்ச்சி குறைவு, சின்ன ப்ளோயரே போதும் என்பதால் அதை விட மனம் வரவில்லை. நேர் சேனலை வைத்துக்கொண்டே சரிசெய்ய வழி உண்டா?

கேப்_காற்று:

வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். சர்ப்பன்டைன் போட்டால் தண்ணீருக்கு வெளியே போவதைத் தவிர வேறு வழியே இல்லை.

வேதிவாசி:

கேப்_காற்று சொல்வது தப்பில்லை, ஆனால் ஏன் என்று தெரியாமல் மாறினால் அடுத்த தகட்டிலும் இதே கதைதான். தம்பி, முதலில் உங்கள் தகட்டின் எண்களைப் போட்டுப் பார்ப்போம், எல்லாம் அதிலேயே இருக்கிறது.

30 ஆம்பியருக்கு 2 மடங்கு காற்று என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர், அது 0 டிகிரிக் கணக்கு. 60 டிகிரியில் 1.2 லிட்டர் ஆகிறது. அதை 35 சேனலுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டரைத் தொடாது. 7 செ.மீ. நீளத்துக்கு அழுத்த வீழ்ச்சி வெறும் 23 பாஸ்கல். தண்ணீர் மானோமீட்டரில் 2 மி.மீ. சொச்சம், மூச்சுவிட்டாலே அதைவிட அதிகம் வரும்.

இனி ஹெட்டருக்கு வாருங்கள். 2 மி.மீ.க்கு 1 மி.மீ. பாதைக்குள் அத்தனை காற்றும் ஒன்றாக நுழைகிறது, நுழையும் இடத்தில் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். ஹெட்டரின் நீளம் முழுக்க உராய்வில் மட்டும் 120 பாஸ்கல் அளவுக்குப் போய்விடுகிறது. சேனலில் 23, ஹெட்டரில் 120. யாருக்கு எவ்வளவு காற்று என்று தீர்மானிப்பது இங்கே ஹெட்டர்தான், சேனல் இல்லை. சேனல் பகுதியை மட்டும் சிஎஃப்டி செய்தால் சமமாகத்தான் வரும், சமமில்லாமல் ஆக்கும் பகுதியை நீங்கள் கணினிக்குள் விடவே இல்லையே.

நடுச் சேனல்கள் ஏன் என்றால் அதற்கும் இதிலேயே விடை உண்டு. நுழைவு ஹெட்டரில் தொடக்கத்தில்தான் காற்று நிறைய ஓடுகிறது, அதனால் அழுத்தம் அங்கேதான் சட்டென்று விழும், பிறகு தட்டையாகிவிடும். வெளியேறும் ஹெட்டரில் இதற்கு நேர் எதிர், கடைசியில்தான் காற்றெல்லாம் சேர்ந்து ஓடுகிறது, விழுவதும் அங்கேதான். இரண்டையும் கழித்துப் பார்த்தால் இரு ஓரங்களிலும் அழுத்த வித்தியாசம் அதிகம், நடுவில் குறைவு. உராய்வு மிஞ்சிய இசட் அமைப்பின் அடையாளமே இதுதான். யு அமைப்பாக (காற்று நுழைந்த ஓரத்திலேயே வெளியேறுவதாக) இருந்திருந்தால் வாய்க்கால் பாசனத்தில் நடப்பது நடந்திருக்கும், தலைமடை குடித்தது போகக் கடைமடைக்கு ஈரம்தான் மிச்சம். ஹெட்டர் அகலமாகி, உராய்வு போய், காற்றின் உந்தம் மேலோங்கும்போது படம் மாறும். அப்போது இசட்டில் கடைசிச் சேனல்களுக்குக் கூடுதலாகப் போகும், யு அமைப்பு ஓரளவு சமமாக நிற்கும். ஆகவே யு நல்லதா இசட் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை.

என் சிபாரிசு, ஹெட்டரை 6 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழம் ஆக்குங்கள். உராய்வு 5 பாஸ்கலுக்குள் வந்துவிடும். சேனல் வீழ்ச்சியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஹெட்டரில் போகக்கூடாது என்பது நாங்கள் பழகிய அளவுகோல், உங்களுக்கு ஐந்தில் ஒன்று வரும், இப்போதைய நிலைக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் இதோடு முடியாது. உலர்ந்த காற்றைச் சமமாகப் பிரிப்பது ஒன்று, தண்ணீர் வந்த பிறகும் சமமாக வைத்திருப்பது வேறு. 30 ஆம்பியரில் மணிக்குப் பத்து கிராமுக்குத் தண்ணீர் உருவாகிறது. ஒரு சேனலில் துளி அடைத்துக்கொண்டால் அதன் காற்று மீதி 34 சேனலுக்கும் பிரிந்துபோகும், அந்த 34க்கும் ஒன்றும் தெரியாது. அடைத்த துளியைத் தள்ள மிச்சமிருப்பது அதே 23 பாஸ்கல்தான். 1 மி.மீ. சேனலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தண்ணீரை நகர்த்தச் சில பத்துப் பாஸ்கல் வேண்டும், பரப்பு எப்படி என்பதைப் பொறுத்து நூறையும் தாண்டும். துளி ஏன் நகர்வதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடலோரம்_டர்பன்:

அக்கா, மிக்க நன்றி. 23க்கு 120 என்பதைப் பார்த்ததும் ஆடிப்போய்விட்டேன். அப்படியானால் சர்ப்பன்டைனுக்குப் போனால் எவ்வளவு அழுத்தம் வேண்டும்? ப்ளோயருக்கே மின்சாரம் எல்லாம் போய்விடுமே என்பதுதான் என் பயம்.

வேதிவாசி:

அந்தப் பயம் பாதிதான் நியாயம். 35 சேனலையும் ஒரே பாதையாக வளைத்தால் நீளமும் 35 மடங்கு, வேகமும் 35 மடங்கு, வீழ்ச்சி 1225 மடங்காகி 28 கிலோபாஸ்கலைத் தொடும். உங்கள் செல் தருவதே 18 வாட் சொச்சம். சின்னப் பம்பின் திறன் 10 சதவீதம் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 5 சேனல்கள் சேர்ந்து போய் 7 முறை மடங்கட்டும். அப்போது 7 மடங்கு நீளம், 7 மடங்கு வேகம், 49 மடங்கு வீழ்ச்சி, வளைவுகளைச் சேர்க்காமல் சுமார் 1.1 கிலோபாஸ்கல். அதே 10 சதவீதத் திறனிலும் கால் வாட்டுக்குள் முடியும். துளியைத் தள்ளத் தாராளமான அழுத்தம், ஹெட்டர் 5 சேனலுக்கு மட்டும் பிரித்தால் போதும். கூடவே ஒரு லாபம், மடங்கித் திரும்பும் கட்டுகளுக்கு நடுவில் அழுத்தம் வேறுபடுவதால் ரிப்புக்கு அடியில் ஜிடிஎல் (தகட்டுக்கும் மெம்பிரேனுக்கும் நடுவில் இருக்கும் நுண்துளைக் கார்பன் தாள்) வழியாகவும் கொஞ்சம் காற்று நுழைந்துபோகும், அங்கே தேங்கும் தண்ணீரையும் அது கிளப்பிவிடும்.

நேர் சேனலிலேயே நிற்பேன் என்றால் அதுவும் கௌரவமான பாதைதான். டொயோட்டா 2014இல் விட்ட முதல் மிராய் ஃப்யூல் செல் காரில் கேத்தோடுக்கு (காற்றுப் பக்கத்துக்கு) முப்பரிமாண வலை மாதிரியான அமைப்பு வைத்தார்கள், 2020இல் வந்த இரண்டாவதில் அதை விட்டுவிட்டுச் சேனலை ஆங்காங்கே குறுக்கிக் காற்றை ஜிடிஎல் பக்கம் திருப்பினார்கள். அவர்களுக்கே ஒரே விடையில் நிற்க முடியவில்லை.

மில்லிங்_மாமா:

ஜெர்மிஸ்டனில் பட்டறை வைத்திருப்பவன் பேசுகிறேன். கணக்கெல்லாம் அந்த அம்மா சொன்னபடி இருக்கட்டும், தகட்டை அளந்தீர்களா? வரைபடத்தில் 1 மி.மீ. என்று போட்டால் தகட்டில் 1 மி.மீ. என்று அர்த்தமில்லை. கிராஃபைட் கத்தியைத் தின்னும். 1 மி.மீ. எண்ட்மில் கத்தியை ஒரே மூச்சில் 35 சேனலுக்கும் ஓட்டினால் முதல் சேனலும் கடைசிச் சேனலும் ஒன்றாக இருக்காது. அகலமும் ஆழமும் 5 சதவீதம் குறைந்தாலே அந்தச் சேனலில் காற்று 19 சதவீதம் குறையும், அளவின் நான்காம் அடுக்கில் போகிற விஷயம் இது. வைரப் பூச்சுக் கத்தி கேளுங்கள், விலை அதிகம்தான், ஆனால் தகட்டுக்குத் தகடு மாறாது. கத்தி தேய்வது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறிக்கொண்டே போகும், உங்கள் தொல்லை நடுவில் இருப்பதால் முதல் குற்றவாளி ஹெட்டர்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். போல்ட்டை இறுக்கியதில் எண்ட் பிளேட் வளைந்திருந்தாலும் ஓரத்தில்தான் ஜிடிஎல் அதிகம் அமுங்கிச் சேனலுக்குள் பிதுங்கும், நடுவில் இல்லை.

ஆனால் 6 மி.மீ. ஹெட்டர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அதன் மேல் கேஸ்கெட் எதன்மீது உட்காரும்? 6 மி.மீ. திறந்த குழிக்கு மேலே கேஸ்கெட்டும் மெம்பிரேன் ஓரமும் தாங்கலில்லாமல் தொங்கும், இறுக்கியதும் உள்ளே இறங்கிச் சேனல் வாயையே மூடிவிடும், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் மறுபக்கம் கசியும், அது விளையாட்டுக் காரியமில்லை. ஹெட்டரின் விளிம்பில் 0.2 மி.மீ. படி வெட்டி, அதில் அதே தடிமனில் ஸ்டெயின்லெஸ் ஷிம் (மெல்லிய தகடு) துண்டு ஒன்றைப் பாலம் மாதிரி உட்கார வையுங்கள். அல்லது ஹெட்டருக்குள் சின்னச் சின்னத் தூண்களை வெட்டாமல் விடுங்கள். தகடு என்ன தடிமன்? 3 மி.மீ. என்றால் 2 மி.மீ. தோண்டிய பிறகு கீழே 1 மி.மீ. கிராஃபைட்தான் மிச்சம், முறுக்கு அளவு பார்க்கும் ஸ்பானர் இல்லாமல் இறுக்கினால் விரிசல் நிச்சயம்.

லெனேசியா_72:

ஜோகன்னஸ்பர்க் நண்பனுக்கு ஏன் தொல்லை இல்லை என்பதை யாரும் தொடவில்லையே. செல்போன் கோபுரங்களில் பேக்அப் ஃப்யூல் செல் பார்க்கிற வேலை எனக்கு, லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் இரவு பகல் தெரியாமல் அலைந்தோம். கடலோரத்தில் ஒரு மாதிரி, மேட்டு நிலத்தில் ஒரு மாதிரி என்பது எங்களுக்குத் தினசரி விஷயம்.

ஜோகன்னஸ்பர்க் 1700 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவில், டர்பனில் 101. உருவாகும் தண்ணீர் எல்லாம் கேத்தோட் வழியாகவே ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி, 2 மடங்கு காற்று, நுழையும் காற்று எலும்பாக உலர்ந்தது என்றால், வெளியேறும் இடத்தில் ஈரப்பதம் டர்பனில் 97 சதவீதம், ஜோகன்னஸ்பர்க்கில் 79. ஆனால் தம்பி, உங்கள் காற்று உலர்ந்ததா? கோடையில் 27 டிகிரி, 80 சதவீத ஈரம். அதைச் சேர்த்தால் 107 ஆகிறது, நூற்றைத் தாண்டியது அத்தனையும் சேனலில் துளியாக இறங்கும். இங்கே குளிர்கால வறண்ட காற்றைச் சேர்த்தாலும் 81தான். ஒரே தகடு, ஒரே வரைபடம், அவனுடைய நடுச் சேனலிலும் காற்று குறைவாகத்தான் போகும், ஆனால் அவனுக்குத் துளி உருவாகவே இடமில்லை. அவனுடைய தகடு நல்ல தகடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, அவன் காற்றை எதில் அளக்கிறான்? நிறை அளக்கும் கருவி என்றால் சரி. கன அளவைக் காட்டும் ரோட்டாமீட்டர் என்றால் டர்பன் கணக்கில் 2 மடங்கு என்று வைத்தது அங்கே 2க்குக் கீழேதான் நிற்கும், ஆக்சிஜன் குறைவு. அதையும் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

புதுத் தகடு வெட்டும் முன்பு செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். செல்லை 65 டிகிரிக்கு ஏற்றுங்கள். அதே டர்பன் காற்றுக்கு வெளியேறும் ஈரம் 85க்கு இறங்கும். துளிகள் மறைந்து வோல்டேஜ் நிலையாக நின்றால் தண்ணீர்தான் காரணம். ரொம்ப நேரம் ஓட்ட வேண்டாம், நுழைவுப் பக்கம் மெம்பிரேன் காயும்.

கடலோரம்_டர்பன்:

லெனேசியா அண்ணா, 65 டிகிரியில் ஓட்டிப் பார்த்தேன். ஊசலாட்டம் நின்றுவிட்டது, மூடியில் பார்த்தால் நடுவிலும் துளி இல்லை. ஆனால் நடுச் சேனல்களில் காற்று குறைவு என்பது மாறவில்லைதானே? அதை நேராக அளக்க வழி உண்டா? நண்பன் வைத்திருப்பது ரோட்டாமீட்டர்தான்.

வேதிவாசி:

உண்டு. கரண்ட் எடுக்காமல், உலர்ந்த நைட்ரஜனை மட்டும் ஓட்டுங்கள். இரண்டு ஹெட்டரிலும் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் அரை மி.மீ. துளை போட்டு, சாய்வு மானோமீட்டரில் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் ஹெட்டர் சரி. இப்போதைய தகட்டில் நடு எண் மற்ற இரண்டைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வேட்டில் ஒரு நல்ல படம் ஆகும். கருவி இல்லையென்றால் 2008இல் தொடங்கிய ஹைசா என்ற அரசு ஹைட்ரஜன் ஆய்வுத் திட்டத்தின் சிஸ்டம்ஸ் மையம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, வழிகாட்டி மூலம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். உலகத்துக்கே பிளாட்டினம் தோண்டிக்கொடுக்கிற நாட்டில் தகடு அளக்க ஒரு மானோமீட்டருக்கு அலைவது கொடுமைதான்.

மில்லிங்_மாமா:

அளக்கும்போது துளையின் உள்விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது, இருந்தால் எண் பொய் சொல்லும். தகடு தடிமன் இன்னும் சொல்லவில்லை.

கடலோரம்_டர்பன்:

4 மி.மீ. மாமா. பின்பக்கம் குளிர்ப்புச் சேனல் இல்லை.

மில்லிங்_மாமா:

அப்படியானால் 2 மி.மீ. தாராளமாகத் தோண்டலாம். வரைபடத்தில் ஷிம் உட்காரும் படியையும் போட்டு அனுப்புங்கள், கத்தி என்னிடம் இருக்கிறது.